யதீம்களின் சுவரும் காரின் கூரையும்



வாகனம் என்றால் ஆண்களின் விஷயம், துணி என்றால் பெண்களின் விஷயம் என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். ஆனால் வாகனத்துக்குள்ளேயே துணி இருக்கிறதே, அது யாருடைய விஷயம்? காரின் உட்கூரையில் ஒட்டியிருக்கும் துணி தளர்ந்து தொங்கினால் ஆண்கள், "என்ஜின் ஓடுகிறது, அது போதும்" என்கிறார்கள். பெண்களோ, "அது கராஜ் வேலை" என்று விட்டுவிடுகிறார்கள். இருவரும் கைவிட்ட அந்தத் துணி, ஒரு குடும்பத்தின் வாழ்வாதாரத்தோடு சம்பந்தப்பட்ட கதையை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

என் தம்பி 2023-ஆம் ஆண்டு மௌத்தாகிவிட்டான். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவன் விட்டுச் சென்றது ஒரு விதவை, ஒரு மகன், இரண்டு பெண் பிள்ளைகள், எங்கள் வயதான உம்மா, இவர்களோடு 1992-ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஒரு டொயோட்டா கொரொல்லா. நாச்சிக்குடாவிலிருந்தும் ஜெயபுரத்திலிருந்தும் நோயாளிகளைக் கிளிநொச்சி வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்வதுதான் அவனுடைய பிழைப்பு. அந்தக் காரின் கூரைத் துணிதான் தளர்ந்து, முன்னாலிருந்து பின்வரை ஒரு தொட்டில் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. பின் ஆசனத்தில் அமரும் பெண்களின் முக்காட்டில் அது உரசும். ஓட்டுபவர் கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வரும் வாகனம் தெரியாது, துணிதான் தெரியும்.

இத்தா முடியுமுன்பே கார் வாங்க ஒருவர் வந்துவிட்டார். உள்ளே எட்டிப் பார்த்தார். துணியை ஒரு விரலால் தூக்கினார். "உள்ளே இப்படி என்றால் வெளியே எப்படியோ" என்று சொல்லி, பேசிய விலையில் ஒரு இலட்சத்து 20 ஆயிரம் ரூபாவைக் குறைத்தார். உறவினர்கள் சிலர், "வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள், நின்றால் இன்னும் பழுதாகும்" என்றார்கள்.

சகோதரிகளே! இங்கேதான் மார்க்கத்தின் கணக்கைப் பார்க்க வேண்டும். மரணித்தவரின் கடனை அடைத்து, வஸிய்யத்து இருந்தால் அதையும் நிறைவேற்றிய பின், பிள்ளைகள் இருக்கும் நிலையில் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. தாய்க்கு ஆறில் ஒரு பங்கு. மீதியெல்லாம் பிள்ளைகளுக்கு, அதில் மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒரு பங்கு. அந்த ஒரு இலட்சத்து 20 ஆயிரத்தை இந்தக் கணக்கில் பிரித்துப் பாருங்கள். மனைவியின் நட்டம் 15 ஆயிரம். உம்மாவின் நட்டம் 20 ஆயிரம். மீதி 85 ஆயிரமும் மூன்று யதீம்களின் கையிலிருந்து போகிறது! தொங்குகிற ஒரு துணிக்காக யதீம்களின் பொருளில் 85 ஆயிரத்தை விட்டுக்கொடுக்க, பொறுப்பாளனாகிய எனக்கு அதிகாரம் உண்டா?

சூரத்துல் கஹ்ஃபில் வரும் சம்பவம் நம் எல்லோருக்கும் தெரிந்ததே. மூஸா (அலை) அவர்களும் ஹிள்ர் (அலை) அவர்களும் ஓர் ஊருக்குப் போகிறார்கள். அவ்வூரார் உணவளிக்க மறுக்கிறார்கள். அங்கே சாய்ந்து விழும் நிலையில் இருந்த ஒரு சுவரை ஹிள்ர் (அலை) அவர்கள் கூலி வாங்காமல் நிமிர்த்தி வைக்கிறார்கள். அது இரண்டு யதீம் சிறுவர்களின் சுவர். அதன் கீழே அவர்களுக்குரிய புதையல் இருந்தது. அவர்கள் வளர்ந்து ஆளாகும் வரை அது பாதுகாக்கப்பட வேண்டும் என்பது அல்லாஹ்வின் நாட்டம். வெள்ளிக்கிழமை தோறும் நாம் ஓதுகிற சூராவில் இது இருக்கிறது. ஓதிவிட்டு, நம் குடும்பத்து யதீம்களின் சுவர் எது என்று பார்க்காமல் இருந்தால் எப்படி?

இத்தா முடிந்த பின் என் மனைவியை உடன் வைத்துக்கொண்டு தம்பியின் மனைவியிடம் கேட்டேன். கதவுக்குப் பின்னால் நின்று அவர் சொன்ன பதில் இதுதான்: "நானா, வித்தா வாற காசு பிள்ளையள் பெரிசாகுமட்டும் இருக்காது. கார் இருந்தா இருக்கும். என்ட காக்காவே ஓட்டுறேன் எண்டு சொல்றார். ஆனா இப்பிடித் துணி தொங்கினா யார் நானா ஏறுவாங்க?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. 2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது 2025 பெப்ரவரியில்தான். அதற்குப் பிறகும் வரிச்சுமையால் புதிய வாகனம் சாதாரண குடும்பத்துக்கு எட்டாக்கனி. ஆகவே இருக்கிற பழைய வாகனத்தைப் பேணுவது கஞ்சத்தனமல்ல, புத்திசாலித்தனம்.

வடக்கு மக்களுக்கு இது புதிய பாடமும் அல்ல. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மொறிஸ் மைனர், ஒஸ்டின் கார்களைத் தலைமுறை தலைமுறையாக ஓட்டியிருக்கிறார்கள். 1990-களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத காலத்தில், சில துளி பெற்றோலில் என்ஜினை இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தக் கார்களின் கூரைத் துணி ஒட்டப்பட்டதல்ல. துணியின் மேற்புறத்தில் நீளமான மடிப்புகள் தைத்து, அதனுள் மெல்லிய கம்பிகளை நுழைத்து, கம்பியின் இரு முனைகளையும் கூரையின் பக்கங்களில் பொருத்தியிருப்பார்கள். நம் வீட்டு ஜன்னல் திரைக்குக் கம்பி நுழைக்க மடிப்புத் தைக்கிறோமே, அதே வேலைதான்! வெயிலில் நூல் இற்றுப்போனால் மடிப்பு பிரியும், துணி தொங்கும். திரும்பத் தைத்தால் சரியாகிவிடும்.

பின்னாளில் வந்த ஜப்பான் கார்களின் முறை வேறு. கூரையின் வடிவத்துக்கே அழுத்திச் செய்த ஒரு பலகை இருக்கும். மரப்பலகை அல்ல, நாரை அழுத்திச் செய்த தடித்த மட்டை போன்றது. அதன்மேல் ஒரு மெல்லிய ஸ்பொஞ்ச், ஸ்பொஞ்சின்மேல் துணி. ஆண்டுக்கணக்கில் வெயிலும் ஈரமும் பட்டு, நடுவிலிருக்கும் ஸ்பொஞ்ச் மாவாக உதிர்ந்துவிடுகிறது. துணியும் கெடவில்லை, பலகையும் கெடவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்திருந்த ஸ்பொஞ்ச்தான் போய்விட்டது. வன்னி வெயிலைச் சொல்லவா வேண்டும்? வெளியே 35 பாகை என்றால், கதவடைத்து நிறுத்திய காருக்குள் 50 பாகையைத் தாண்டிவிடும். (இதனால்தான் ஐந்து நிமிடம் என்றாலும் குழந்தைகளைக் காருக்குள் விட்டுச் செல்லக் கூடாது.)

தம்பி உயிரோடிருந்த காலத்தில் ஒரு கடையில் கொடுத்து, தொங்கிய துணிக்குள் பசையைப் பீச்சி அழுத்தி ஒட்டி வாங்கியிருந்தான். ஒரு மாரி காலம்தான் தாங்கியது. பசை பலகையில் பிடிக்கவில்லை, உதிர்ந்த மாவில்தான் பிடித்தது. மாவில் பிடித்த பசை எப்படி நிற்கும்?

ஜெயபுரத்தில் ஓர் அம்மா இருக்கிறார் என்று கேள்விப்பட்டோம். முச்சக்கர வண்டிக்கு ஹூட் தைப்பவர், உழவு இயந்திரத்துக்கு ஆசன உறை தைப்பவர். பெற்றோர் மலையகத்தில் தோட்டத்தில் இருந்தவர்கள். கலவரங்களுக்குத் தப்பி வன்னிக்கு வந்தவர்கள். ஜெயபுரத்தில் அப்படிப்பட்ட குடும்பங்கள் பல உண்டு. 2009-இல் கணவரை இழந்தவர். ஒரு தையல் மெஷினால் பிள்ளைகளை ஆளாக்கியவர்.

உண்மையைச் சொன்னால், எங்கள் உம்மாவுக்கு அங்கே போக மனம் வரவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது எனக்கு ஒன்பது வயது. ஏறத்தாழ 75 ஆயிரம் பேர். உடுத்த துணியோடு புத்தளத்துக்குப் போனோம். உம்மா விட்டுவிட்டு வந்த பொருட்களில் அவருடைய தையல் மெஷினும் ஒன்று. ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்த மெஷினைப் பற்றி அவர் பேசாத நாளில்லை. "அவங்கட மெஷின்ல நம்மட துணியத் தைக்கணுமா?" என்று கேட்டார். நான் வாதம் செய்யவில்லை. என் மனைவிதான், "மாமி, நீங்களும் வாங்க. நீங்களே பாருங்க" என்று அழைத்துக்கொண்டு போனார்.

அந்த அம்மா வாசலுக்கே வந்து, "வாங்க மௌலவி, வாங்கம்மா, உக்காருங்க" என்றார். காருக்குள் தலையை விட்டு, துணியைத் தட்டினார். மஞ்சள் மாவு கொட்டியது. உம்மாவைப் பார்த்து அவர் சொன்னார்: "பழைய பஞ்சு போகாம புதுத் துணி நிக்காதும்மா. மேலால ஒட்டுனா மறுபடி விழும். பலகையக் கழட்டி, சொரண்டி, சுத்தமாக்கி, அப்புறந்தான் பசை."

பிறகு அவரே, "நான் தனியாச் செஞ்சா கூலி கூடும். ஒங்க வீட்டுப் பொண்ணுங்கள வரச் சொல்லுங்க. நான் சொல்லித் தாரேன். அடுத்த தரம் நீங்களே செஞ்சிக்கலாம்" என்றார். தன் தொழிலை யார் இப்படி எடுத்துக் கொடுப்பார்கள்?

இரண்டு நாள் வேலை நடந்தது. வீட்டில் பழைய கார் உள்ளவர்களுக்குப் பயன்படும் என்பதால் ஒழுங்காகவே சொல்கிறேன்.

முதலில் பற்றரியின் இணைப்பைக் கழற்ற வேண்டும். கூரையில் விளக்கு இருக்கிறது, வயர் இருக்கிறது. பிறகு கூரை விளக்கு, வெயில் மறைப்பு, கைப்பிடிகள், ஓரப் பட்டைகள் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். இந்த வேலைதான் என் பங்குக்கு வந்தது. கழற்றிய திருகாணிகளைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, எது எங்கிருந்து வந்தது என்று எழுதி வைத்தோம். முன் ஆசனத்தைப் பின்னால் சாய்த்துவிட்டு, முன்கதவு வழியாகப் பலகையை மெதுவாக வெளியே எடுக்க வேண்டும். மடிந்தால் அந்தத் தழும்பு போகாது. கூரையின் ஓரத்தில் காற்றுப் பை பொருத்தப்பட்ட புதிய ரகக் கார்களில் மட்டும் இந்த வேலையை வீட்டில் செய்யக் கூடாது. அது உயிர் காக்கும் சாதனம். தெரிந்தவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

பலகையை நிழலில் வைத்து, பழைய துணியை உரித்து, உதிர்ந்த ஸ்பொஞ்சை மெல்லிய தூரிகையால் தேய்த்து எடுக்க வேண்டும். வேலையில் பாதி இதுதான். வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்வது அவசியம். கை வைத்துப் பார்த்தால் மாவு ஒட்டக் கூடாது. அந்த அளவுக்குச் சுத்தமாக வேண்டும்.

புதிய துணி, பின்புறம் மெல்லிய ஸ்பொஞ்ச் ஒட்டியதாக இருக்க வேண்டும். ஸ்பொஞ்ச் இல்லாத துணி போட்டால் பலகையின் மேடுபள்ளமெல்லாம் வெளியே தெரியும். பலகையை அளந்து, நாலு பக்கமும் நாலு அங்குலம் கூட்டி வாங்க வேண்டும். எங்களுக்கு 60 அங்குல அகலத்தில் 2 மீற்றர் போதுமாயிற்று. பசை, சூடு தாங்கும் ரப்பர் பசையாக இருக்க வேண்டும். மரவேலைக்குரிய வெள்ளைப் பசை இந்த வெக்கைக்கு நிற்காது.

பசையைப் பலகையிலும் பூச வேண்டும், துணியின் பின்புறத்திலும் பூச வேண்டும். பூசியவுடன் ஒட்டக் கூடாது. விரலால் தொட்டால் பிசுக்கென்று இருந்து, விரலில் ஒட்டாமல் வரும் பதம் பார்க்க வேண்டும். பாகு பதம் பார்க்கத் தெரிந்த உங்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை! துணியைப் பாதியாக மடித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, உள்ளங்கையால் மெதுவாகத் தடவிக்கொண்டே போக வேண்டும். பள்ளமான இடத்தில் முதலில் துணியைப் படிய வைத்துவிட்டுத்தான் மேட்டுக்கு வர வேண்டும். இழுத்து ஒட்டினால் பள்ளத்தில் மீண்டும் எழும்பிவிடும். அழுத்தித் தேய்த்தால் பசை ஊறி வெளியே கறை தெரியும். பிறகு மறு பாதி. ஓரங்களைப் பின்புறம் மடித்து ஒட்டி, ஓர் இரவு காயவிட்டால் முடிந்தது.

பசையின் வாடை பொல்லாதது. நெருப்பையும் சட்டென்று பிடிக்கும். அடுப்படிக்குப் பக்கத்தில் வைத்து ஒட்டக் கூடாது. காற்றோட்டமான வெளியில்தான் செய்ய வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அருகில் வரவே கூடாது.

இப்போதைக்கு இதற்கெல்லாம் வசதியில்லை என்பவர்கள் துணியில் குண்டூசி குத்தி நிறுத்துகிறார்கள். முக்காட்டுக்குக் குத்தும் மணி வைத்த ஊசியை வரிசையாகக் குத்தியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சடுதியாக பிரேக் பிடித்தால் அந்த ஊசி யார் தலையில் விழும்? குஷன் கடைகளில் சுருளாக முறுக்கிய ஊசி கிடைக்கும். அதைத் திருகி ஏற்றினால் எளிதில் கழன்று விழாது. அதுவும் தற்காலிகம்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

துணி, பசை, அந்த அம்மாவின் கூலி எல்லாம் சேர்த்து எங்களுக்கு 11 ஆயிரம் ரூபா முடிந்தது. யதீம்களின் சொத்தைப் பாதுகாப்பதற்கான செலவை அந்தச் சொத்திலிருந்தே எடுக்க மார்க்கத்தில் அனுமதி உண்டு. வசதியுள்ள பொறுப்பாளர் தனக்கென்று அதிலிருந்து எதையும் எடுக்காமல் ஒதுங்கியிருக்க வேண்டும், ஏழையானவர் நியாயமான அளவு எடுத்துக்கொள்ளலாம் என்பதும் குர்ஆனின் வழிகாட்டல்தான். எதுவானாலும் கணக்கு எழுதப்பட வேண்டும். தம்பியின் பெரிய மகளிடம் ஒரு கொப்பி கொடுத்து, அவள் கையாலேயே ஒவ்வொரு செலவையும் எழுத வைத்தேன். பிள்ளைகள் வளர்ந்து கேட்கும்போது பதில் சொல்ல அந்தக் கொப்பி இருக்கும். மறுமையில் கேட்கப்படும் கேள்விக்கும் நாம் தயாராக வேண்டுமல்லவா?

அந்த இரண்டு நாளும் உம்மா ஒரு கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் பின்னேரம், மிஞ்சிய துணியில் கதவுப் பலகைக்கு ஓரம் தைக்க வேண்டியிருந்தது. அந்த அம்மா எழுந்து, "நீங்க தைக்கிறீங்களாம்மா?" என்று தன் மெஷினை உம்மாவுக்கு விட்டுக் கொடுத்தார். உம்மா கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு போய் உட்கார்ந்து, சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தைத்தார். இருவரும் 1990-ஐப் பற்றியும் பேசவில்லை, 2009-ஐப் பற்றியும் பேசவில்லை. நூலைப் பற்றியும் ஊசியின் நம்பரைப் பற்றியும்தான் பேசினார்கள்.

இழந்தது இழந்ததுதான். அதற்கு நீதி கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. ஒரு கூரைத் துணியால் அது தீர்ந்துவிட்டது என்று சொல்ல நான் வரவில்லை. பழையதைப் பேசாமல் மேலால் பசை தடவி ஒட்டுகிற சமாதானம் ஒரு மாரிக்குமேல் நிற்காது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் பேசுவதற்கு முன், ஒருவர் வீட்டு வாசலில் மற்றவர் உட்காரவாவது வேண்டுமே! அந்த உட்காருதலை ஆண்களாகிய எங்கள் கூட்டங்களைவிட, பெண்களாகிய நீங்கள் எளிதாகச் செய்துவிடுகிறீர்கள்.

"கார் வேலை, தோல் வேலை, குஷன் வேலையெல்லாம் நம் பெண்களுக்குத் தகுமா?" என்று சிலர் கேட்கலாம். முஃமின்களின் அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையால் தோலைப் பதனிட்டுத் தைத்து, அதில் வந்ததை அல்லாஹ்வின் பாதையில் தர்மம் செய்தார்கள். நபி (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்தார்கள், தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஊசி பிடிப்பது ஆணுக்கும் இழுக்கல்ல. தோலும் ரெக்சீனும் தைப்பது பெண்ணுக்கும் இழுக்கல்ல.

அல்ஹம்துலில்லாஹ், கார் விற்கப்படவில்லை. தம்பி மனைவியின் காக்கா ஓட்டுகிறார். வரும் பணத்தில் பங்குதாரர்களின் கணக்கு மாதாமாதம் அந்தக் கொப்பியில் ஏறுகிறது. தம்பியின் மனைவி வீட்டிலிருந்தபடியே முச்சக்கர வண்டிகளுக்கு ஆசன உறை தைக்கிறார். பெரிய வேலை வந்தால் ஜெயபுரத்து அம்மாவோடு சேர்ந்து செய்கிறார், கூலியைச் சமமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். வருமானம் அதிகமென்று சொல்ல முடியாது. மழைக் காலத்தில் வேலை குறைவு. ஆனாலும் யாரிடமும் கையேந்தாமல் மூன்று பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

சகோதரிகளே! உங்கள் குடும்பத்திலும் யாராவது யதீம்களை விட்டுச் சென்றிருக்கலாம். அவர்களுக்கென்று ஒரு தையல் மெஷினோ, ஒரு படகோ, ஒரு துண்டுக் காணியோ, ஒரு பழைய வாகனமோ இருக்கலாம். "இது எதற்கும் உதவாது, வந்த விலைக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். அந்த நேரத்தில் அவசரப்படாமல், அதில் கெட்டிருப்பது எது, கெடாமல் இருப்பது எது என்று ஒருமுறை தட்டிப் பாருங்கள்; பங்குக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். செய்யத் தெரிந்தவர் எந்தச் சமூகத்தவராக இருந்தாலும் போய்க் கேளுங்கள்.

யதீம்களின் பொருளை அமானிதமாகப் பேணி, அவர்கள் ஆளாகும் நாளில் குறையாமல் ஒப்படைக்கும் நற்பேற்றை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.